ஐம்பது மைல் வேகத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: மஸ்தா எம்எக்ஸ்-5, ஒன்றரை வருஷ அனுபவம்

மஸ்தா வாங்கியிருக்கிறேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, ஸ்கூல் வேன் ஓட்டப் போறியா?" அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் மஸ்தா என்றால் ஸ்வராஜ் மஸ்தாதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்யாணக் கூட்டமும் நெருக்கியடித்து ஏறுகிற அந்த வேன். மஸ்தா கார்கள் அங்கே ஷோரூமில் கிடைப்பதில்லை என்பதால் அந்தப் பெயரைச் சொன்னால் அப்பா மனசில் வேறு படம் வருவதற்கு வழியில்லை. போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். அப்புறம் இரண்டாவது கேள்வி: "ரெண்டே சீட்டா? மருமக எங்க உக்காருவா, பாப்பா எங்க உக்காருவா?" இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

என் வண்டி 2019 மாடல், துணிக்கூரை, 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 184 குதிரைத்திறன், ஆறு கியர், எல்லாம் கையால் போடுவது. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குத் தெற்கே குடியிருக்கிறேன், அதனால் இங்கே சொல்வதெல்லாம் மழை, குளிர், குண்டும் குழியுமான கிராமத்து ரோடு, ஆடு குறுக்கே வருகிற மலைப்பாதை, இதை வைத்துத்தான். ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிற விமர்சனம் வேண்டுமென்றால் அது இது இல்லை.

ஆபீஸில் ஒரு நண்பர் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார். நாலு கதவு, டிக்கியில் சைக்கிளே போகும், நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை நாலு வினாடிக்குள் தொட்டுவிடும். என்னுடையதுக்கு ஆறரை வினாடி ஆகும். சிக்னலில் பச்சை விழுந்தால் அவர் போன பிறகு அவர் நம்பர் பிளேட்டைப் படிக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்காது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நேரடியாகவே கேட்டார்: "மச்சான், என் வண்டியே உன்னுதைவிட வேகம். அப்புறம் எதை வெச்சு உன்னுத ஸ்போர்ட்ஸ் கார்ங்கற?" நியாயமான கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். ஒன்றரை வருஷம் ஓட்டிய பிறகு இப்போது சொல்ல முடிகிறது. வேகத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்குக் குடும்பக் கார்கூட ஸ்போர்ட்ஸ் கார்தான், அதனால் அந்த அளவுகோலே செத்துப்போய்விட்டது. ஸ்பீடு லிமிட்டுக்குள் ஓட்டும்போதே ஓட்டுகிறவனுக்கு கைநிறைய வேலையும் வாய்நிறையச் சிரிப்பும் கொடுக்கிற வண்டி எதுவோ அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். என் கணக்கு இவ்வளவுதான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கம் மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டன் போகிற ஏ537 என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது, மேலே இருக்கிற பழைய மதுவிடுதியின் பேரால் கேட் அண்ட் ஃபிடில் ரோடு என்பார்கள். வளைவுக்கு மேல் வளைவு. பைக் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் விழுந்து அடிபட்டு, நாட்டிலேயே ஆபத்தான ரோடுகளில் ஒன்று என்று பேர் எடுத்துவிட்டது. அதனால் 50 மைல் வரம்பு வைத்து, சராசரி வேகத்தைக் கணக்குப் பண்ணுகிற கேமராக்களையும் நட்டுவிட்டார்கள். 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். ஐந்நூறு குதிரைத்திறன் வண்டியை இங்கே கொண்டுவந்தால் அது கட்டிப்போட்ட யானை மாதிரி ஒரே கியரில் அசைந்துகொண்டே போகும், ஓட்டுகிறவர் கேமராவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, கூரை திறந்திருக்கிறது, காலுக்கு ஹீட்டர். வலப்பக்கம் இறுக்கமாகத் திரும்புகிற ஒரு வளைவு வருகிறது. மூன்றாம் கியரில் இன்ஜின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றில் பாடிக்கொண்டிருக்கிறது. பிரேக்கில் காலை வைத்து அழுத்தியபடியே அதே காலின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு (கியர் இறங்கும்போது வண்டி குலுங்காமல் இருக்க), இடது கை இரண்டாம் கியருக்கு. ஆக்ஸிலேட்டர் பெடல் தரையில் கீல் வைத்தது, பிரேக்குக்குப் பக்கத்திலேயே சரியான உயரத்தில் இருக்கிறது, என்னை மாதிரி அரைகுறையாகப் பழகினவனுக்கே பத்தில் ஏழு தடவை சரியாக வருகிறது. கியர் குச்சியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். கையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, மணிக்கட்டை அசைத்தால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு பொருந்தி உட்காரும், நல்ல துப்பாக்கியின் பூட்டு மாதிரி (துப்பாக்கியை நான் தொட்டதில்லை, சினிமாவில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்). ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், முன்பக்கம் உடனே திரும்புகிறது, அப்புறம் வண்டியின் உடம்பு முழுவதும் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. நன்றாகவே சாய்கிறது. முதல் வாரம் இது எனக்குப் பயமாகவே இருந்தது, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பலகை மாதிரி தட்டையாகத் திரும்ப வேண்டாமா என்று. ஓட்ட ஓட்டத்தான் புரிந்தது, அந்தச் சாய்வுதான் வண்டி பேசுகிற பாஷை. எந்த டயரின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது உட்கார்ந்திருக்கிற இடுப்பு வழியாகத் தெரிந்துவிடுகிறது. வளைவு பாதியைத் தாண்டினதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன, முன்சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான், இழுக்கிற வேலை கிடையாது. வெளியே வரும்போது மீட்டரில் 45 மைல். என் நெஞ்சுத் துடிப்பு மட்டும் 90 மைலில் இருக்கிறது.

இரண்டாம் கியரை 7500 சுற்று வரை இழுத்தால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் வரும். ஆக ஒரு சாதாரண நாட்டுப்புற ரோட்டில் சட்டத்துக்கு உட்பட்டே ஒரு கியரையாவது அடியிலிருந்து நுனிவரை முழுசாக ருசிக்கலாம். இன்ஜினிடம் இருப்பதையெல்லாம் கேட்டு வாங்குகிற அந்தத் திருப்தி பெரிய வண்டிகளில் கிடைக்காது, கிடைத்தால் லைசென்ஸ் போய்விடும்.

இதெல்லாம் எப்படி வருகிறது என்று கேட்டால் முதல் பதில் எடை, இரண்டாவது பதிலும் எடைதான். ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மோதல் பாதுகாப்பு, காற்றுப்பை, எலெக்ட்ரானிக்ஸ் என்று முப்பது வருஷத்துச் சட்டமெல்லாம் ஏறிக்கொண்டே வந்த காலத்தில், 1989இல் வந்த முதல் தலைமுறையைவிட நூறு கிலோ கூடுதலுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அது பானெட்டை அலுமினியத்தில் செய்து, ஒவ்வொரு தகட்டிலும் கிராம் கிராமாகச் சுரண்டி எடுத்த வேலை. இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் பாரம் பாதிக்குப் பாதி. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் நேராகப் பிணைக்கிறது, முதல் தலைமுறையிலிருந்தே இருக்கிற யோசனை அது, காலை அழுத்தின மறுகணமே பின்சக்கரம் பதில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கெல்லாம் சேர்த்து மஸ்தாவில் ஒரே பேர் வைத்திருக்கிறார்கள்: ஜின்பா இத்தாய். குதிரையும் சவாரிக்காரனும் ஓருடல் என்று அர்த்தம். விளம்பரத்துக்காகச் சொல்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த வண்டியின் பூர்வீகம் எனக்குப் பிடித்த கதை. சின்ன, லேசான, மலிவான, திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் என்பது உண்மையில் இங்கிலாந்துச் சரக்கு. எம்ஜி, ட்ரையம்ஃப், லோட்டஸ். லோட்டஸ் எலான் 1962இல் வந்தபோது 700 கிலோகூட இல்லை. ஆனால் அந்த வண்டிகளில் பலதுக்கு எண்ணெய் ஒழுகும், மழையில் கரண்டு போய்விடும், காலத்துக்கேற்ப மாறவும் இல்லை. 1980இல் எம்ஜியின் எம்ஜிபி மாடல் நின்றது, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அதே வருஷம் நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகைக்காரர், மஸ்தாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், இந்த மாதிரி எளிமையான ரோட்ஸ்டர் (இரண்டு சீட், திறந்த கூரை வண்டி) ஒன்றை நீங்கள் செய்யலாமே என்று சொல்லிவைத்தார். யமமோட்டோ 1984இல் கம்பெனிக்கே தலைவரானார், ஹாலும் அதற்குள் மஸ்தாவின் கலிஃபோர்னியா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இன்ஜின் முன்னால், இழுவை பின்னால் என்று கலிஃபோர்னியா குழு பிடிவாதமாக நின்றது, டோக்கியோ குழு வேறு இரண்டு அமைப்பைச் சொன்னது, கடைசியில் கலிஃபோர்னியா ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால் ஓடுகிற முதல் மாதிரி வண்டியைக் கட்டிக் கொடுத்தது இங்கிலாந்தின் தென்கரையில் வொர்திங் ஊரில் இருந்த ஒரு நிறுவனம். எந்த நாட்டுக்காரர்கள் கைவிட்டார்களோ அவர்கள் மண்ணிலேயே மறுபிறவி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள். 2016இல் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமாவில் இறங்கியது. திறந்த கூரை, இரண்டு சீட் ரோட்ஸ்டர் வகையில் இத்தனை விற்ற வண்டி வேறு இல்லை.

சரி, இனி ஒரு புலம்பல். வாங்கிய புதிதில் ஒரு மாதம் எனக்கு இந்த வண்டியைப் பிடிக்கவே இல்லை. ஸ்டியரிங் நேராக நிற்காமல் ரோட்டின் பள்ளத்தைத் தேடித் தேடிப் போனது, ஈரத்தில் ரவுண்டானா சுற்றினால் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கியது. ஊரெல்லாம் புகழ்கிற வண்டி இதுதானா என்று மனசு விட்டுப்போனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை குனிந்து பார்த்தேன். முன்னால் ஒரு கம்பெனி டயர், பின்னால் இடது பக்கம் பேரே கேள்விப்படாத இன்னொன்று, வலது பக்கம் மூன்றாவதாக ஒன்று. விற்ற செகண்ட் ஹேண்ட் கடைக்காரர் (பேர் வேண்டாம், அவர் பிழைப்பு அவருக்கு) கையில் கிடைத்ததை மாட்டித் தள்ளிவிட்டிருக்கிறார். நாலையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே மாதிரி நல்ல டயர் மாட்டி, நாலு சக்கர அலைன்மென்டும் செய்தேன். இந்த வண்டியில் பின்சக்கரத்தின் கோணத்தையும் சரிசெய்ய இடமிருக்கிறது, முன்னால் மட்டும் பார்த்து அனுப்புகிற கடைக்குப் போனால் பணம் தண்டம். அன்று மாலை வீட்டுக்கு ஓட்டி வந்த வழியில்தான் நான் உண்மையில் எம்எக்ஸ்-5 வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். லேசான வண்டியில் டயரின் குணம் அப்படியே கைக்கு வந்துவிடும், நல்லதும் வரும், கெட்டதும் வரும்.

ஸ்டியரிங் பற்றிப் பழைய வண்டிக்காரர்கள் குறை சொல்வார்கள், மின்சார உதவி வந்ததிலிருந்து ரோட்டின் சொரசொரப்பு கைக்கு வருவதில்லை என்று. முதல் தலைமுறை வண்டி ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், அவர்கள் சொல்வது உண்மைதான். அதில் சின்னக் கல்கூடத் தெரிகிறது. ஆனால் அதன் 1.6 லிட்டர் இன்ஜினுக்கு 115 குதிரைத்திறன், காற்றுப்பை இருந்தால் அதிர்ஷ்டம், தகட்டில் துரு. மனசு அதில், பணம் இதில்.

அன்றாடத்துக்கு வருவோம். கூரையை விமர்சனக்காரர்கள் போதுமான அளவு பாராட்டுவதில்லை. நடுவில் ஒரு கொக்கி, அதை விடுவித்து ஒரே கையால் பின்னால் தள்ளி ஒரு அமுக்கு அமுக்கினால் முடிந்தது, சீட்டில் உட்கார்ந்தபடியே ஐந்து வினாடி. மோட்டார் கிடையாது, மோட்டாரின் எடையும் கிடையாது. மூடுவதும் அப்படியே, சிக்னலில் நிற்கும்போது தூறல் விழுந்தால் பச்சை வருவதற்குள் மூடிவிடலாம், மான்செஸ்டரில் இது சின்ன விஷயம் இல்லை. கூரைக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற துளைகளில் இலை அடைத்துக்கொள்ளாமல் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கி 130 லிட்டர். விமானத்தில் கையோடு எடுத்துப் போகிற பெட்டி இரண்டு வைக்கலாம், மெத்தென்ற பை என்றால் இன்னும் கொஞ்சம் திணிக்கலாம். பத்து கிலோ அரிசி மூட்டையும் ஒரு வாரத்துக் காய்கறியும் போகும், ஆனால் முருங்கைக்காய் வாங்கினால் அது பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வரும். டாஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியே கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே முதுகுப் பக்கம் ஒரு பூட்டுப் பெட்டி இருக்கிறது, ஓட்டிக்கொண்டே அதைத் திறக்க யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் தாங்கியும் அங்கேதான், முழங்கை இடிக்கிற இடத்தில். ஸ்டெப்னி கிடையாது, ஓட்டை அடைக்கிற பசையும் ஒரு காற்றுப் பம்பும் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார்வேயில் 70 மைலில் ஆறாவது கியரில்கூட 2800 சுற்று ஓடும், துணிக்கூரை வேறு, லண்டன் போய்ச் சேரும்போது காதில் ரீங்காரம் மிச்சம் இருக்கும். என் உயரம் 5 அடி 8 அங்குலம், கச்சிதமாகப் பொருந்துகிறது. 6 அடிக்கு மேல் இருக்கிற மைத்துனர் உட்கார்ந்தால் முன்கண்ணாடியின் மேல் சட்டம் சரியாக அவர் புருவத்துக்கு நேரே வருகிறது. வாங்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுக்கிற வசதி 2019இலிருந்துதான் உண்டு, அதற்கு முந்தையது என்றால் கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள். பெட்ரோல் ஆச்சரியம்: லிட்டருக்கு 14 கிலோமீட்டர் சுலபமாகக் கிடைக்கிறது.

இந்தக் குறைகளில் ஒன்றையும் அவர்கள் தெரியாமல் விட்டுவிடவில்லை என்பதுதான் விஷயம். பெட்டி வைத்தால் கிலோ ஏறும், சத்தம் அடைத்தால் கிலோ ஏறும். எதைக் கொடுக்கலாம் என்று யோசித்துச் செய்கிற கார்கள் நிறைய இருக்கின்றன, எதை எடுத்துவிடலாம் என்று யோசித்துச் செய்தது கொஞ்சம்தான். மெர்சிடிஸ் எஸ்எல்லில் எல் என்ற எழுத்துக்கு லேசு என்றுதான் அர்த்தம். இன்றைய எஸ்எல் 1900 கிலோ அளவுக்கு வந்து நிற்கிறது. அழகான வண்டி, தூரப் பயணத்துக்கு ராஜா, ஆனால் பேர் மட்டும் இளைய வயதுப் போட்டோ மாதிரி சுவரில் தொங்குகிறது. போர்ஷே 911க்குப் பின்னால் இரண்டு குட்டிச் சீட் இருக்கிறது, அதனால் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். சீட்டு எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? டொயோட்டா ஜிடி86க்கும் நாலு சீட்தான், அதுவும் இதே ஜாதி. ஆல்பீன் ஏ110 இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வண்டி, 1100 கிலோவுக்கு முன்னே பின்னே, கையில் காசு இருந்திருந்தால் இந்த விமர்சனம் அதைப் பற்றியதாக இருந்திருக்கும்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு. இந்தத் தலைமுறையின் ஆரம்ப வருஷ வண்டிகளில் கியர்பாக்ஸ் பிரச்சினை பேசப்பட்டதுதான், பின்னால் மாற்றம் செய்தார்கள். ஓட்டிப் பார்க்கும்போது எல்லாக் கியரையும் போட்டு எடுத்துச் சத்தம் கேட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் துரு பார்க்காமல் வாங்க வேண்டாம், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு எதையும் விடாது. 1.5 லிட்டர் இன்ஜினை இளக்காரமாக நினைக்க வேண்டாம், 131 குதிரைத்திறன்தான் என்றாலும் மூக்கு இன்னும் லேசு, என் வாதப்படி பார்த்தால் அதுதான் இன்னும் சுத்தமான ஸ்போர்ட்ஸ் கார். நான் ஏன் 2 லிட்டர் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். ஆசை.

போன ஆகஸ்டில் அப்பா வந்திருந்தார். எழுபத்திரண்டு வயசு, வேட்டியோடு அந்தத் தாழ்வான சீட்டில் அவரை உட்கார வைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. தலைக்குக் குல்லாய், மடியில் குடை. கேட் அண்ட் ஃபிடில் ரோட்டில் மேலே போய்த் திரும்பி வந்தோம். போகும்போது கதவுக் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் ஒரு செம்மறியாடு குறுக்கே நின்றது, நிறுத்தினேன், அது எங்களைப் பார்த்தது, அப்பா அதைப் பார்த்தார், அவர் தலையும் அதன் தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. இறக்கத்தில்தான் எட்டி மீட்டரைப் பார்த்தார்.

"என்னடா, நூத்தி இருபதுல போற மாதிரி இருக்கு, இது நாப்பத்தஞ்சு காட்டுது?"

"மைலுப்பா. கிலோமீட்டர்ல எழுபது சொச்சம்."

"எழுபதா?" என்று கேட்டுவிட்டுக் குல்லாயைச் சரிசெய்துகொண்டார். வீட்டு வாசலில் இறக்கிவிட நானும் மனைவியும் ஆளுக்கொரு கை பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நான் எழுந்து வந்தபோது கீழே குல்லாயோடு உட்கார்ந்திருந்தார்.